'ம்' சொன்ன கதவு

இதில் வரும் ஒவ்வொரு சொல்லும் உண்மை. தலையில் அடித்துச் சத்தியம் செய்யச் சொன்னால் அதற்கும் தயார்; பக்கத்தில் யார் தலை இருக்கிறதோ அவர் கொஞ்சம் குனிந்தால் போதும். ஒரு பள்ளிக்கூடத்துப் பெண் குளியலறைக்குள் உட்கார்ந்தபடியே ஊரைக் குணப்படுத்தினாள் என்றால் நம்பக் கஷ்டமாகத்தான் இருக்கும். நம்பாதவர்கள் அந்தத் தெருவில் போய் விசாரிக்கலாம். ஒருவரும் வாயைத் திறக்க மாட்டார்கள். அதைவிடப் பெரிய சாட்சி வேண்டுமா என்ன.

அவளுக்குப் பதினாறு வயது. தம்பி வைத்த பெயர் நத்தை. எந்த வேலையைச் சொன்னாலும் 'அப்புறம்' என்பாள். சோம்பேறி என்று சொன்னால் பாவம் வந்து சேரும். சோம்பேறிகள் நிம்மதியாகத் தூங்குவார்கள். இவள் செய்யாமல் விட்ட வேலைகளை எல்லாம் நாள் முழுக்க மனசுக்குள் செய்துகொண்டே இருப்பாள். அதனால் செய்து முடிக்கிறவர்களைவிட இவளுக்குத்தான் களைப்பு அதிகம்.

அவளைப் பிடித்து ஆட்டிய பேய் ஒரு வாய்மொழித் தேர்வு. வகுப்பின் முன்னால் நின்று பத்து நிமிடம் பேச வேண்டும். அறிவியல் டீச்சர் கொடுத்த தலைப்பு, காது. முதல் முறை நத்தைக்குத் தொண்டை கட்டிக்கொண்டது. இரண்டாம் முறை காய்ச்சல். மூன்றாம் முறை வேறு வழியில்லாமல் சித்தப்பாவைச் சாகடித்தாள். சித்தப்பாவுக்கு யாரும் தகவல் சொல்லாததால் அவர் மறுவாரமே தம்பியின் சாப்பாட்டு டப்பாவைக் கொடுக்கப் பள்ளிக்கு வந்துவிட்டார். வாசல் காவலாளி அவரைக் கண்டதும் தொப்பியைக் கழற்றி மௌன அஞ்சலி செலுத்தினார். சித்தப்பாவும் மரியாதைக்காகக் கொஞ்ச நேரம் தலைகுனிந்து நின்றார், யாருக்கு என்று தெரியாமலே.

நான்காம் முறைக்கு நாள் குறித்தாகிவிட்டது. பருவம் முடிவதற்குள் பேசாவிட்டால் அதே வகுப்பில் இன்னொரு வருடம் உட்கார வேண்டும். அதில் என்ன என்று கேட்கலாம். அவளுக்கு ஒரு வகுப்பு கீழே இருந்தவன் தம்பி. அந்தப் பள்ளியில் வகுப்புக்கு ஒரே பிரிவுதான்.

"அக்கா, அடுத்த வருஷம் ஜன்னல் ஓரம் எனக்கு. இப்பவே சொல்லிட்டேன்" என்றான் தம்பி, தேர்வு நாள் காலையில். "நீ குனிஞ்சு எழுதினா பின்னாடி இருக்கறவனுக்கு போர்டு நல்லா தெரியும், அந்த ஒரு வசதி இருக்கு."

நத்தை பல் தேய்க்கும் பிரஷ்ஷையும் அறிவியல் புத்தகத்தையும் எடுத்துக்கொண்டு குளியலறைக்குள் போனாள். அவ்வளவுதான். வெளியே வரவில்லை.

இங்கே அந்த வீட்டின் சட்டம் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். குளியலறைக்குள் போகிறவர் வெளியே வரும்வரை ஏதாவது சத்தம் கொடுத்துக்கொண்டே இருக்க வேண்டும். சத்தம் கேட்டால் வெளியே இருப்பவர் கதவுப் பக்கமே போகக் கூடாது. ஏன் இப்படி என்று கேட்டால் குடும்பமே பேச்சை மாற்றும். அப்பா உள்ளே போனால் ஒரு பழைய பாட்டின் முதல் வரியை மட்டும் பாடுவார். இரண்டாம் வரி அவருக்குத் தெரியாது. தம்பி பந்தாட்ட வர்ணனை செய்வான். அம்மா குடிநீர் வாரியத்தில் புகார்த் தொலைபேசியை எடுப்பவர். உள்ளே போனாலும் "வணக்கம், உங்கள் அழைப்பு எங்களுக்கு முக்கியம்" என்று சொல்லிக்கொண்டே குளிப்பார். நத்தை எதையும் குறைந்த செலவில் முடிப்பவள். "ம்" என்பாள். சற்றுப் பொறுத்து மறுபடி "ம்."

அன்று மதியம் ஆனது, "ம்." மாலை ஆனது, "ம்." குடும்பம் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு கீழ்வீட்டுக்குக் குளிக்கப் போனது.

மறுநாள் பள்ளியிலிருந்து மன அழுத்த ஆலோசகர் வந்தார். இளைஞர். பிள்ளைகளின் பதற்றத்தைப் போக்குவது அவர் வேலை. சட்டைப்பை நிறையத் துண்டறிக்கைகள். அவற்றின் அட்டையில் சிரித்தபடி ஒரு சூரியன்.

"யாரும் கதவைத் தட்டாதீங்க. தட்டறது ஒரு அழுத்தம்" என்றார். "'திற'ன்னு சொல்லாதீங்க, அது கட்டளை. கதவுங்கற வார்த்தையையே தவிர்த்துட்டா இன்னும் நல்லது."

"நான் தச்சன் சார்" என்றார் அப்பா. "கதவுன்னு சொல்லாம எப்படிப் பொழைக்கிறது?"

"மரம்னு சொல்லுங்க."

பிறகு மூச்சுப் பயிற்சி. நான்கு எண்ணி இழுக்க வேண்டும், நான்கு எண்ணி அடக்க வேண்டும், நான்கு எண்ணி விட வேண்டும். குடும்பமே வரிசையாக நின்று செய்தது. எப்போது விடுவது என்பதை ஆலோசகர் சொல்ல மறந்துவிட்டுத் துண்டறிக்கையில் தேடிக்கொண்டிருந்தார். அப்பா நீலமாகிவிட்டார். அதற்குள் உள்ளேயிருந்து "ம்" என்று சத்தம் வரவே, அதையே உத்தரவாக எடுத்துக்கொண்டு மூச்சை விட்டுப் பிழைத்தார்.

சாப்பாட்டுக்கு என்ன வழி? கதவுக்கும் தரைக்கும் நடுவே விரல்கூட நுழையாத இடுக்கு. பிஸ்கட் மட்டும்தான் போகும். அம்மாவின் அழுத முகத்தைப் பார்த்ததும் அப்பாவின் தொழில் ரத்தம் கொதித்தது. தரையில் குப்புறப் படுத்து ரம்பத்தால் கதவின் அடியை அறுத்தார். "சத்தத்துக்கு மன்னிச்சுக்கோம்மா" என்று அறுக்கும்போதெல்லாம் சொன்னார். இடுக்கு ஒரு தட்டு போகும் அளவுக்கு ஆனது. அடுத்த நாள் கிண்ணம் போகும் அளவுக்கு. அதற்கடுத்து தலையணை. ஊருக்கெல்லாம் கதவு போட்டவர் அல்லவா, வேலை சுத்தமாக இருந்தது.

"இவ்வளவு பண்றீங்களே" என்றார் அம்மா, புகார்த் தொலைபேசிக் குரலில். "நான் வருஷக்கணக்கா கேட்கிற அந்த பாத்ரூம் வேலையைச் செஞ்சிருந்தா எப்பவோ முடிஞ்சிருக்கும்."

"வர்ற ஞாயித்துக்கிழமை கண்டிப்பா" என்றார் அப்பா.

உயிரோடிருந்த சித்தப்பாவும் வந்தார். "மன அழுத்தம்னு ஒண்ணு கிடையாது, எல்லாம் மனசு" என்று ஆரம்பித்து அரை நாள் பேசினார். பேசும்போது இடது கண் துடித்துக்கொண்டே இருந்தது. கடைசியில், "பேசிப் பிரயோஜனமில்ல அண்ணே, பூட்டுக்காரனைக் கூட்டிட்டு வர்றேன்" என்றார். அம்மாவும் அப்பாவும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். "அவரை எதுக்குப்பா தொந்தரவு பண்ணிக்கிட்டு" என்று அப்பா இழுத்தார். சித்தப்பா கேட்கவில்லை.

பூட்டுக்காரர் வருவதற்கு முன்னால் கீழ்வீட்டு அக்கா மாடி ஏறி வந்தார். தன் வீட்டுக் குளியலறையை இத்தனை பேருக்குக் கொடுத்தவர் என்ற உரிமையில் நத்தைக்கு நாலு நல்ல வார்த்தை சொல்லலாம் என்று எண்ணம்.

"பயந்து ஒளியக் கூடாதும்மா. எதையும் நேருக்கு நேரா பாக்கணும்."

"ம்" என்றது கதவு.

"நானெல்லாம் எதுக்கும் பயந்ததே இல்ல."

"ம்."

"அதாவது... கார் ஒண்ணைத் தவிர."

"ம்."

அவ்வளவுதான், மடை உடைந்தது. லைசென்ஸ் எடுத்து வருடங்கள் ஆகியும் காரைத் தெருவுக்கு எடுக்க நடுங்குவது, அது தெரியக் கூடாதென்று வாரா வாரம் அதைத் தேய்த்துக் கழுவுவது, ஓட்டாத காருக்குப் புது டயர் மாற்றியது, எல்லாம் கொட்டினார். கதவு குறுக்கே பேசவில்லை. தன் கதையைச் சொல்லவில்லை. கைபேசியைப் பார்க்கவில்லை. 'ம்' மட்டும் சொன்னது. கீழ்வீட்டு அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்து நேராகப் போய்க் காரைக் கிளப்பினார். எதிர்வீட்டு மதில் கொஞ்சம் நகர்ந்தது உண்மைதான். ஆனால் கார் தெருவுக்கு வந்துவிட்டது.

"அந்தப் பொண்ணு மாதிரி காது குடுத்துக் கேக்க இந்த ஊர்ல ஆள் இல்ல" என்று போகிற வழியெல்லாம் சொல்லிவிட்டுப் போனார்.

உள்ளே என்ன நடந்தது? நத்தை கவிழ்த்த வாளியில் உட்கார்ந்து எதிர்ச்சுவரின் ஓடுகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கீழ்வீட்டு அக்கா சொன்னதில் பாதியை அவள் கவனிக்கவேயில்லை. வீட்டுச் சட்டப்படி சத்தம் கொடுத்தாள். ஒரு 'ம்' தவறினால்கூட யாராவது கதவில் கை வைத்துவிடுவார்களோ என்பதுதான் அவள் கவலை.

பூட்டுக்காரர் வந்தார். கருவிப் பையை இறக்கி, தரையில் உட்கார்ந்து, பெருமூச்சு விட்டார். "ம்?" என்றது கதவு. அன்றைக்கு நத்தைக்குக் கொட்டாவி வந்து 'ம்' மேல்நோக்கி வளைந்துவிட்டது. பூட்டுக்காரருக்கு அது நேராக நெஞ்சில் இறங்கியது.

"கேக்கறியா தாயி? சொல்றேன். பக்கத்து வீட்லதான் எங்க அண்ணன். ஒரு ஏணியால பேச்சு நின்னு போச்சு. ஊர்ப் பூட்டையெல்லாம் திறக்கறேன், அந்த வீட்டு வாசலைத் தாண்ட முடியல."

அவர் பையை அங்கேயே மறந்துவிட்டு அண்ணன் வீட்டுக்கு ஓடினார். கதவை அவர் தொடக்கூட இல்லை. அப்பா நெற்றி வியர்வையைத் துடைத்தார். மகளை நினைத்து வந்த வியர்வை மாதிரி தெரியவில்லை.

பிறகு கூட்டம் என்றால் கூட்டம். மாடிப்படி நிரம்பி, வாசல் நிரம்பி, தெருமுனை வரை வரிசை. பேருந்து அங்கே ஒரு நிறுத்தம் போட்டது. நடத்துனர் "பாத்ரூம் எல்லாம் எறங்கு" என்று குரல் கொடுப்பார். அம்மா வரிசையைக் கவனித்துக்கொண்டார். "உங்கள் பொறுமைக்கு நன்றி, உங்களுக்கு முன்னால் நிறைய பேர் காத்திருக்கிறார்கள்" என்று அவர் சொன்னதும் வந்தவர்களுக்கு ஏதோ பெரிய இடத்துக்கு வந்துவிட்ட நம்பிக்கை பிறந்தது. அவர்கள் உட்கார அப்பா ஒரே மதியத்தில் பெஞ்சு செய்து போட்டார். சாய்வு வைத்த பெஞ்சு. அம்மா அந்தப் பெஞ்சையும் குளியலறைக் கதவையும் மாறி மாறிப் பார்த்தார். "ஞாயித்துக்கிழமை" என்றார் அப்பா.

சித்தப்பா இரண்டாம் முறை வந்தார், இந்த முறை துடிக்கிற கண்ணோடு வரிசையில். பல் டாக்டருக்குப் பயந்து ஒரு பக்கமாகவே மென்று காலத்தை ஓட்டியவர் என்பது அன்றைக்குத்தான் வீட்டுக்குத் தெரிந்தது. ஆலோசகரும் வந்தார்.

"எனக்கு ஐநூறு பிள்ளைங்க" என்று கதவிடம் கிசுகிசுத்தார். "மூணு பேர் சேர்ந்து வந்தாலே லைப்ரரியில வரைபடப் புத்தக அலமாரிக்குப் பின்னாடி போய் நின்னுக்குவேன். அங்க யாரும் வர்றதில்ல."

"ம்."

"மூச்சுப் பயிற்சி எனக்கு வேலை செய்யல. நாலு வரைக்கும் எண்ணவே பதட்டமா இருக்கு."

"ம்."

"நன்றி" என்று ஒரு துண்டறிக்கையை இடுக்கு வழியாக உள்ளே தள்ளினார், பழக்க தோஷம். நத்தை அதை வைத்துச் சோப்புப் பெட்டியைத் துடைத்தாள்.

கறுப்புக் கண்ணாடியும் கரகரத்த குரலுமாக இன்னொருவர் வந்தார். பெற்றோர் கூட்டம் என்றால் கை கால் உதறும் என்றும், அதனால் கூட்ட நாளில் தன் ஸ்கூட்டர் டயரில் தானே ஆணி குத்திவிட்டு 'பஞ்சர்' என்று தாமதமாகப் போவதாகவும் சொன்னார். பள்ளியில் காலைக் கூட்டத்தில் தினமும் கேட்கிற இருமல் நடுவே வந்தது. தலைமை ஆசிரியரேதான். நத்தை வாளியில் நிமிர்ந்து உட்கார்ந்தாள். இப்போது அவள் உண்மையாகவே கேட்க ஆரம்பித்திருந்தாள். வகுப்புப் பையன்களும் பெண்களும்கூட வந்தார்கள். முதல் மதிப்பெண் வாங்குகிறவள், தேர்வுக்கு முன்தினம் நகத்தைக் கடித்துக் கடித்து விரலுக்கு இறங்கிவிடுவதாகச் சொன்னாள். வகுப்பின் பெரிய ரவுடி, கரும்பலகைக்குக் கூப்பிட்டால் கால் மரத்துவிடுகிறது என்று அழுதான்.

ஊர் குணமாகிக்கொண்டிருந்தது. நத்தைதான் உள்ளேயே இருந்தாள். பருவம் முடிய ஒரே நாள் பாக்கி.

"அக்கா" என்று தம்பி இடுக்கில் வாயை வைத்துச் சொன்னான். "நாளைக்குத்தான் கடைசி. நெஜமா சொல்றேன், எனக்கு ஜன்னல் ஓரம் வேண்டாம். நீ என் வகுப்புல வந்து உக்காந்தா ரெண்டு பேருக்கும் கேவலம். வெளிய வந்துரு."

நத்தை இந்தத் தடவை 'ம்' சொல்லவில்லை. அவனும் எழுந்து போகவில்லை. பிறகு அவள் 'ம்' என்றாள், அவன் போனான்.

அன்று மாலை வரிசையில் கடைசியாக வந்தவர் அறிவியல் டீச்சர்.

"நான் என் கஷ்டத்தைச் சொல்ல வரல" என்றார் கண்டிப்பான குரலில். "தேர்வுக்குக் கூப்பிட வந்திருக்கேன்."

"ம்."

"நாலு தடவை தள்ளிப் போட்டாச்சு."

"ம்."

"நீ தள்ளிப் போட்டப்ப எல்லாம் எனக்கும்... நிம்மதியாத்தான் இருந்துச்சு."

நத்தை வாளியோடு கதவருகே நகர்ந்தாள்.

டீச்சர் இடது காதைக் கதவில் ஒட்டி வைத்துக்கொண்டு பேசினார். வலது காது போய் வருடங்கள் ஆகிவிட்டன. இடதும் போய்க்கொண்டிருக்கிறது. டாக்டரிடம் காட்டினால் மெஷின் மாட்டச் சொல்வார்கள், மாட்டினால் பிள்ளைகள் சிரிப்பார்கள், அதனால் காட்டவில்லை. "உதட்டைப் பார்த்துதான் சமாளிக்கிறேன். உதடு நல்லா தெரிஞ்சா நல்ல மார்க். தெரியலேன்னா குத்துமதிப்பா ஒண்ணு."

அத்தனை நாளில் முதல் முறையாகக் கதவு வாய் திறந்து பேசியது.

"டீச்சர், அப்ப போன வருஷம் எனக்குப் போட்ட முப்பத்தஞ்சு?"

"நீ தரையைப் பாத்துப் பேசினே. உச்சந்தலைதான் தெரிஞ்சுது. வகிடு நேரா இருந்துச்சு, அதனால பாஸ் போட்டேன்."

நத்தைக்குச் சிரிப்பு வந்ததா அழுகை வந்ததா என்பதில் அந்தத் தெருவில் இன்றும் இரண்டு கட்சி உண்டு. வருடக்கணக்காக அவள் நடுங்கியது இதற்குத்தானா? தான் தப்பாகச் சொன்ன ஒவ்வொரு சொல்லையும் நினைத்து நினைத்துத் தூக்கம் கெட்டாளே, அதில் ஒரு சொல்லாவது இந்த அம்மாள் காதில் விழுந்திருந்தால் பரவாயில்லை.

"தலையைத் தூக்கிப் பேசினா போதுமா டீச்சர்?"

"அது போதும்மா. எனக்கு வேற ஒண்ணும் வேண்டாம்" என்றார் டீச்சர், கெஞ்சுகிற மாதிரி.

மறுநாள் காலை கதவு திறந்தது. அம்மா புகார்த் தொலைபேசிக் குரலை மறந்து வெறும் அம்மாவாக, "வாடி" என்றார். விடியும் முன்பே வந்து பெஞ்சிலும் படியிலும் காத்திருந்தவர்கள் அப்போதுதான் முதல் முறையாக நத்தையின் முகத்தைப் பார்த்தார்கள். அதாவது, அவளுக்கு முகம் இருக்கிறது என்பது அவர்களுக்கு அப்போதுதான் உறைத்தது. கண் இருக்கிறது. அந்தக் கண் ஒவ்வொருவரையும் அடையாளம் தெரிந்துகொள்கிறது. ஒருவர் செருப்பைத் தேடினார். ஒருவர் தவறான மாடிக்கு வந்துவிட்டதாகச் சொன்னார். பூட்டுக்காரர் மறந்துபோன பையை எடுக்க வந்தவர் போலப் பையை எடுத்துக்கொண்டு நடையைக் கட்டினார். அவள் பல் துலக்கி முடிப்பதற்குள் தெருவில் ஈ காக்கை இல்லை. பேருந்து நிற்காமல் போனது.

வகுப்பில் நத்தை தலையைத் தூக்கினாள். பயம் போய்விட்டது என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். ஆனால் எதிரே அவளைப் பார்க்கத் துணிந்த கண் ஒன்றுகூட இல்லை. முதல் மதிப்பெண்காரி விரல்களை மேஜைக்கு அடியில் ஒளித்துக்கொண்டாள். ரவுடி பேனா மூடியை ஆராய்ந்தான். கடைசி வரிசையில் மேற்பார்வைக்கு உட்கார்ந்திருந்த தலைமை ஆசிரியர் மின்விசிறியின் இறக்கைகளை எண்ணினார். ஜன்னலுக்கு வெளியே ஆலோசகரின் நிழல் நூலகத்தை நோக்கிப் போனது. டீச்சர் மட்டும் முதல் பெஞ்சில் உட்கார்ந்து அவள் உதட்டையே பார்த்தார்.

"காதுக்குள்ள மூணு குட்டி எலும்பு இருக்கு" என்று நத்தை ஆரம்பித்தாள். "சுத்தி, பட்டை, அங்கவடி. உடம்புலயே ரொம்பச் சின்ன எலும்பு அங்கவடிதான். அது ஆடினாத்தான் சத்தம் உள்ள போகும். இந்த ஊர்ல நிறைய பேருக்கு அதைவிடக் கால்தான் அதிகமா ஆடுது. யார் யாருக்குன்னு எனக்குத் தெரியும். பேர் சொல்லட்டுமா?"

வகுப்பு மூச்சை அடக்கியது. நான்கு எண்ணிக்கைக்கும் மேலாகவே. தலைமை ஆசிரியர் இருமினார்.

"சொல்ல மாட்டேன்" என்று அவள் புத்தகத்தில் இருந்ததைச் சொல்லத் தொடங்கினாள். மீதி நேரம் முழுக்கச் செவிப்பறையும் நத்தை எலும்பும்தான். ஆமாம், காதுக்குள் அப்படி ஒரு சுருண்ட சமாச்சாரம் இருக்கிறது. தம்பிக்கு அது முன்பே தெரிந்திருந்தால் வேறு பெயர் வைத்திருப்பான்.

டீச்சர் முழு மதிப்பெண் போட்டார். எதற்குப் போட்டீர்கள் என்று தலைமை ஆசிரியர் கேட்கவில்லை. அடுத்த வருடம் ஜன்னல் ஓரத்தில் தம்பி தனியாக உட்கார்ந்தான்.

சித்தப்பா இப்போது இரண்டு பக்கமும் மெல்லுகிறார். டீச்சர் காதில் சின்ன மெஷின் மாட்டியிருக்கிறார். யாரும் சிரிக்கவில்லை, சிரித்தால் கேட்டுவிடும். நத்தை இன்னும் 'அப்புறம்' என்கிறாள், ஆனால் எப்போது என்று கேட்டால் ஒரு கிழமையைச் சொல்கிறாள். எப்போதாவது வெளியூர்க்காரர் ஒருவர் படியேறி வந்து கதவு முன் உட்கார்ந்து மனசைக் கொட்டுவார். உள்ளே தம்பி இருந்தால் பந்தாட்ட வர்ணனைதான் கேட்கும். அவருக்கும் அதில் ஏதோ பதில் கிடைத்துவிடுகிறது போலும், கும்பிட்டுவிட்டுப் போகிறார்.

இவ்வளவும் அட்சரம் பிசகாமல் நடந்தது. இதில் சேர்க்க வேண்டியது ஒன்றே ஒன்றுதான்: அந்தக் குளியலறைக் கதவில் அன்றும் சரி, இன்றும் சரி, தாழ்ப்பாளே கிடையாது.